நாற்பத்தொரு முறை

மலை சரிந்த செய்தி பால்துரைக்குத் திரையிலிருந்து வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் பேக்கரி வைத்திருக்கும் சேவியர் போனில் கூப்பிட்டுச் சொன்னார். அப்போது காலை மணி பத்து முப்பத்தெட்டு.

"பாலு, நாலாம் நம்பர் லயன் போயிருச்சுய்யா."

"போயிருச்சுன்னா?"

"மண்ணுக்குள்ள போயிருச்சு. மேலருந்து மொத்தமா எறங்கிருச்சு. நீங்கதானய்யா அங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கீங்க? ஒண்ணுமே தெரியலையா ஒங்களுக்கு?"

பால்துரை போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். சுவர் முழுக்க விரிந்திருந்த திரையில் குயிலாற்றுப் பள்ளத்தாக்கு மொத்தமும் படமாகக் கிடந்தது. சரிவுகளின் மண்ணுக்குள் அடித்துவைத்த உணர்விகள் ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான நாலாம் நம்பர் லயனுக்கு மேலே இருந்த சரிவில் இருபத்தாறு புள்ளிகள். இருபத்தாறும் பச்சை.

"இங்க பச்சையாத்தான இருக்கு, சேவியரண்ணே," என்றார்.

சேவியர் போனை வைத்துவிட்டார். தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து பால்துரை பிற்பாடு எத்தனையோ நாள் கூசிப்போனார். யாராவது செத்துக்கிடக்கும் வீட்டு வாசலில் நின்று, ஜாதகத்தில் ஆயுசு கெட்டி என்று சொன்னது போல.

அன்றைக்கு மழை கனத்துப் பெய்ததால் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பை நிறுத்தியிருந்தார்கள். வேலை நாளாக இருந்திருந்தால் அந்நேரத்துக்கு லயனில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் மட்டும்தான் இருந்திருப்பார்கள். லீவு விட்டதால் குடும்பம் குடும்பமாக வீட்டுக்குள் இருந்தார்கள். இருபத்து மூன்று பேர். கடைசி உடலை நான்காம் நாள் ஆற்று வளைவில் எடுத்தார்கள். லயன் இருந்த இடத்தில் செம்மண் குழம்பாகி ஓடிக்கொண்டிருந்த அந்த முதல் நாள் முழுவதும், திரையில் இருபத்தாறு புள்ளிகளும் பச்சையாகவே நின்றன. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்கு மாறின.

பால்துரைக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே மலையில் வேறொரு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். டிப்ளமோ முடித்து, செல்போன் கோபுரங்களில் ஏறி இறங்கும் வேலை பார்த்து, முதுகு போன பிறகு இந்த மலைச்சரிவுக் கண்காணிப்பு நிலையத்தில் நாற்காலி வேலைக்கு வந்தார். ஆறு வருஷமாகப் பகல் ஷிப்ட். வேலை என்னவோ எளிதுதான். மண்ணில் அளவுக்கு மேல் ஈரம் ஏறினாலோ, சரிவு ஒரு நூலளவு நகர்ந்தாலோ அங்குள்ள உணர்வி எச்சரிக்கை அனுப்பும். நிலையத்தில் அதைக் குச்சி என்றுதான் சொல்வார்கள்; பார்க்கவும் முளைக்குச்சி மாதிரிதான் இருக்கும். எச்சரிக்கை வந்தால் புள்ளி சிவக்கும். பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். 'நடவடிக்கை' என்பதை அழுத்தினால் அந்த லயனில் அபாயச் சங்கு ஊதும், ஜீப் போகும், ஜனங்கள் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்குவார்கள். 'தள்ளுபடி' என்பதை அழுத்தினால் புள்ளி மறுபடி பச்சையாகிவிடும்.

முதல் வருஷம் நாலாம் நம்பரில் பதினொரு முறை சங்கு ஊதியது. பதினொரு முறையும் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பதினொரு முறையும் மலை அசையவில்லை. எஸ்டேட் மேனேஜர் விஸ்வநாத் நேரே நிலையத்துக்கே வந்துவிட்டார். பறிக்காத கொழுந்து முற்றிப்போவதைப் பற்றியும், மலையில் மழை பெய்யாமல் வேறெங்கே பெய்யும் என்பதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். அவர் போன பிறகு இயக்குநர் கோதண்டம் பால்துரையை உள்ளே கூப்பிட்டார்.

"நாலாம் நம்பர்னு வந்தா மட்டும் கொஞ்சம் யோசிச்சு அழுத்துங்க."

யோசிப்பதென்றால் எப்படி என்று அவர் சொல்லவில்லை. பால்துரையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நாலாம் நம்பர் சிவந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போவார். மழை கொஞ்சம் தணிந்தாற்போல் தெரிந்தால் தள்ளுபடி. நாளாக நாளாக ஜன்னலுக்குப் போவதும் நின்றுபோனது. கிழக்குச் சரிவில் சொகுசு விடுதிகள் இருந்தன. அங்கே ஒரு புள்ளி சிவந்தால் யாரும் யோசிப்பதில்லை. ஐந்து நிமிஷத்தில் கார்கள் வரிசை கட்டி இறங்கும். இரண்டு நாள் கழித்து விடுதிக்காரர்களிடமிருந்து நன்றி சொல்லிக் கடிதம் வரும்.

நான்காம் வருஷத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. நாலாம் நம்பர் சிவப்பது குறைந்தது. கடைசி இரண்டு வருஷம் அது ஒரு முறைகூடச் சிவக்கவில்லை. மண் இறுகிவிட்டது போல என்று பால்துரை நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

சரிவு நடந்த ஐந்தாம் நாள் காலையில் ரம்லத் வந்தார். குச்சிகளைச் செய்து கொடுத்த நிறுவனத்தில் மூத்த பொறியாளர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், மேலப்பாளையத்துக்காரர். கீழேயிருந்து வரும் சாலை பாதியில் துண்டாகிக் கிடந்ததால் கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார். முக்காட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இயக்குநரைக்கூடப் பார்க்காமல் கணினிப் பெட்டியுடன் நேரே கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, கெட்டுப்போன செய்தியை எல்லாம் எங்க சேத்து வைக்கிறீங்க?"

"கெட்டுப்போனதுன்னா?"

"வந்து சேர்ந்தும் படிக்க முடியாமப் போனது. திரைக்கு வராது. ஆனா ஒரு மாசத்துக்கு எங்கயாவது ஒரு மூலையில கெடக்கும்."

அப்படி ஒரு மூலை இருப்பதே பால்துரைக்குத் தெரியாது. ரம்லத் தானே தேடி எடுத்தார். திரையில் எண்களும் எழுத்துகளும் கன்னாபின்னாவென்று ஓடின. ஓட்டத்தை நிறுத்தி ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "எல்லாம் நாலாம் நம்பர்தான்," என்றார். "முந்தின நாள் சாயங்காலத்துலருந்து வந்துக்கிட்டே இருந்திருக்கு. ஒண்ணுகூட முழுசா இல்ல."

"வந்துச்சா?" பால்துரை நாற்காலியை அருகே இழுத்தார். "வந்துதான் இருக்கா? அப்புறம் ஏன் மேடம் ஒடையுது?"

"மழையில காத்துல வர்ற செய்தி எழுத்துக்கு எழுத்து சிதையும், அண்ணே. அதுக்காகச் செய்தியோட கொஞ்சம் உபரி எழுத்தும் சேத்து அனுப்புவோம். வழியில நாலஞ்சு எழுத்து போனாலும், மிச்சத்தை வச்சு போனது எதுன்னு கண்டுபிடிச்சிரலாம். உபரி கூடக் கூட செய்தி பத்திரம். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் பாட்டரி தேயும். குச்சி காட்டுக்குள்ள இருக்கு, சும்மா சும்மா போயி மாத்த முடியாது. பத்து வருஷம் ஓடணும்னு ஒப்பந்தம். எல்லாச் செய்தியிலயும் முழு உபரி சேத்தா நாலு வருஷம்கூடத் தாங்காது."

"அப்ப என்ன செய்வீங்க?"

ரம்லத் முக்காட்டு நுனியைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தார்.

"அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அதுக்காக எனக்கு ஒரு பரிசுகூடக் குடுத்தாங்க. போன்ல ஒருத்தருக்கு விலாசம் சொல்றீங்கன்னு வைங்க. அந்தப் பக்கம் அவர் 'ஆமா, எழுதிக்கிட்டேன், சொல்லுங்க'ன்னா நீங்க எழுத்தெழுத்தா, நிறுத்தி, ரெண்டு தடவ சொல்லுவீங்க. அவர் கவனிக்கவே இல்லைன்னா? கடமைக்குச் சொல்லிட்டு வச்சிருவீங்க. குச்சிக்கும் அதைத்தான் கத்துக்குடுத்தேன். எந்த எச்சரிக்கைக்கு நடவடிக்கைன்னு பதில் வருதோ, அங்க உபரியைக் கூட்டு. எதுக்குத் தள்ளுபடின்னு வருதோ, அங்க குறை. யாரும் கேக்காத எடத்துல பாட்டரியை வீணாக்காதே."

பால்துரை சுவர்த் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நாலாம் நம்பரு..."

"சுத்தமா உபரியே இல்ல. ரெண்டரை வருஷமா." அவர் பால்துரையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வெயில் அடிக்கிறப்ப நல்லாத்தான் வந்து சேரும். 'நலம்'னு நாளைக்கு ஒரு செய்தி ஒழுங்கா வந்தாப் போதும், இங்க பச்சை நிக்கும். எச்சரிக்கை வர்றதே மழையிலதானே, அண்ணே."

வெளியே தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பால்துரை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"உபரி இல்லைன்னா இப்ப மட்டும் இத எப்பிடிப் படிக்கப் போறீங்க?"

"ஒத்தைச் செய்தியை வச்சு முடியாது. ஆனா இருபத்தாறு குச்சியும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கும். ஒண்ணுல சிதைஞ்ச எழுத்து இன்னொண்ணுல தப்பிச்சிருக்கும். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கோடிக்கணக்குல பொருத்திப் பாக்கணும். இங்க கரண்டுக்கா பஞ்சம்? எவ்வளவு வேணாலும் செலவழிக்கலாம்."

கணினிப் பெட்டி உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. ரம்லத் சாப்பிடப் போகவில்லை. சேவியர் கடையிலிருந்து பால்துரை வாங்கி வந்த டீயும் பன்னும் அப்படியே ஆறிப்போயிருந்தன. மாலை நான்கு மணிக்குப் பட்டியல் ஒன்று திரையில் இறங்கியது. நேரம், எச்சரிக்கை. நேரம், எச்சரிக்கை. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை. முதலாவது, சரிவுக்கு முந்தின நாள் மாலை ஐந்தேகாலுக்கு. கடைசி, அன்று காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு.

"நாப்பத்தொண்ணு," என்றார் ரம்லத்.

பால்துரை பட்டியலின் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எட்டேகால். எட்டு நாற்பது. ஒன்பது ஐந்து. ஒன்பதரை. ஒன்பது ஐம்பத்தைந்து. அந்த ஐந்தும் தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்தவை. அன்று ஒன்பதரைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்த்தார். மூத்த மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்.

"முழு உபரியோட இந்த நாப்பத்தொண்ணையும் அனுப்பியிருந்தா எவ்வளவு செலவு கூடியிருக்கும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன்," என்றார் ரம்லத். குரல் தேய்ந்திருந்தது. "இருபத்தாறு குச்சிக்கும் சேத்து, இந்த டியூப் லைட்டு பத்து நொடி எரியிற கரண்டு."

பால்துரை அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏன் என்று ரம்லத் கேட்கவில்லை.

"தள்ளுபடி எல்லா ஷிப்டுலயும்தான் அழுத்தியிருக்காங்க, அண்ணே. நீங்க மட்டும் இல்ல."

"ஆனா ஏம்பேருதான் அதிகமா இருக்கும்."

ரம்லத் மறுக்கவில்லை.

"பகல்லதான மேனேஜர் போன் வரும்," என்றார் பால்துரை. சொன்ன பிறகு அதுவும் ஒரு சாக்கு மாதிரிதான் ஒலித்தது.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனார். போய் என்ன சொல்வதென்று முடிவு செய்யாமலேதான் போனார். மிஞ்சியவர்களை ஐந்தாம் வகுப்பு அறையில் தங்க வைத்திருந்தார்கள். சுவரில் வாய்ப்பாடு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மாடத்தி உட்கார்ந்திருந்தார். முதல் வருஷம் சங்கு ஊதிய போதெல்லாம் லயனில் ஆட்களை எண்ணி இறக்கிவிட்டு, "எல்லாரும் எறங்கியாச்சு சார்," என்று நிலையத்துக்குப் போன் செய்தது அவர்தான். பால்துரைக்கு முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். சரிவன்று ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் தப்பினார். கணவர் சங்கிலிமுத்துவும் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகள் நிரோஷாவும் வீட்டில் இருந்தார்கள்.

"வாங்க சார்," என்று எழப்போனவரைப் பால்துரை கையமர்த்தினார். சிமெண்டுத் தரையில் எதிரே உட்கார்ந்தார்.

"ஒங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார்," என்றார் மாடத்தி. அழுது முடித்த குரல், தட்டையாக இருந்தது. "ரெண்டு வருஷத்துக்கு மேலயே சங்கு ஊதல. மொதல்ல எல்லாம் ஊதுறப்ப நெஞ்சு பதறும். அப்பறம் ஊதாம இருக்கவும், சரி, மலை அடங்கிருச்சுன்னு நெனச்சோம். நிம்மதியாத் தூங்குனோம். அவரு பின்பக்கமா ஒரு ரூமு எடுத்துக் கட்டுனாரு, புள்ள படிக்கன்னு. மலை அடங்கத்தான சார் செஞ்சுச்சு? பெறகு எப்பிடி திடீர்னு?"

பால்துரை சொன்னார். சொல்லச் சொல்ல எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னார். குச்சியைப் பற்றி, பாட்டரியைப் பற்றி, பொத்தானைப் பற்றி.

"அது சொல்லிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. நாங்க கேக்கல. நான் கேக்கல. நாங்க கேக்காமப் போகப் போக அதுவும் வாய்க்குள்ளயே சொல்ல ஆரம்பிச்சிருச்சு. கடைசில மழையில எங்க காதுல விழல."

மாடத்தி இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டார்.

"எத்தன தடவ சொல்லுச்சு?"

"நாப்பத்தொரு தடவ."

"மொதத் தடவ எப்ப?"

"முந்தின நாளு சாயங்காலம். அஞ்சேகாலுக்கு."

"அஞ்சேகாலுக்கு நா அவளுக்குத் தல பின்னிக்கிட்டிருந்தேன்," என்றார் மாடத்தி. "நல்ல வெளிச்சம் இருந்துச்சு. எறங்கியிருக்கலாம்."

திட்டியிருந்தால் பால்துரைக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். அவர் எழுந்து வாசல்வரை வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க சார்."

விசாரணை மூன்று வாரம் கழித்து நகராட்சி மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கோதண்டம் பால்துரையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"உங்கள யாரும் பொய் சொல்லச் சொல்லல, பால்துரை. எச்சரிக்கை வரல. பதிவேட்டுலயும் இல்ல, திரையிலயும் இல்ல. அதை அப்படியே சொல்லுங்க. உண்மைதானே அது?"

உண்மைதான். அதுதான் பால்துரையைத் தூங்கவிடாமல் செய்தது.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. பொறுமையாகக் கேட்டார். பால்துரை நாலாம் நம்பர் எச்சரிக்கைகளில் தான் எத்தனையைத் தள்ளுபடி செய்தார், எப்போதிலிருந்து, யார் சொல்லி என்று வரிசையாகச் சொன்னார். மேனேஜர் பெயரைச் சொன்னபோது கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ரம்லத் தன் பட்டியலை வைத்தார். அவருடைய நிறுவனத்தின் வக்கீலே எழுந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"இவ்வளவு திருத்தம் செய்தால், நீங்கள் தேடும் வாக்கியத்தை எந்த இரைச்சலிலிருந்தும் உருவி எடுத்துவிடலாம், இல்லையா?"

"எதை வேணாலும் எடுக்க முடியாது. ஆனா தப்பு வர வாய்ப்பு இருக்கு."

"நாற்பத்தொன்றும் சந்தேகமில்லாமல் உறுதியா?"

ரம்லத் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த மண்டபத்தில் அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் யாருமில்லை.

"முப்பத்தெட்டு உறுதி. மூணைப் பத்திச் சொல்ல முடியாது," என்றார்.

"அப்படியானால் இது ஊகம்," என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தட்டச்சரின் விரல்கள் அந்தச் சொல்லைப் பதிவு செய்தன.

அறிக்கை தை மாதம் வந்தது. கனமழையால் சமிக்ஞை பலவீனமடைந்து எச்சரிக்கைகள் வந்து சேரவில்லை. ஊழியர் எவர் மீதும் குற்றம் நிறுவப்படவில்லை. தன் குற்றத்தைத் தானே எடுத்துச் சொன்ன பால்துரையையும் சேர்த்தே விடுவித்திருந்தது. ஒரே ஒரு பரிந்துரை மட்டும் இருந்தது. குச்சிகளின் குரல் பலவீனமடையாதபடி இனி ஏற்பாடு செய்யப்பட வேண்டும். அந்த வரியைப் படித்தபோது பால்துரைக்கு நெஞ்சில் சின்னதாக ஓர் ஆறுதல் எழுந்தது. சொன்னது அடியோடு வீணாகிவிடவில்லை.

ஏற்பாடு என்னவென்று பங்குனியில் சுற்றறிக்கை வந்தபோது தெரிந்தது. இனி எந்தக் குச்சியிலிருந்து எந்த எச்சரிக்கை வந்தாலும், மூன்று நொடிக்குள் 'நடவடிக்கை' பொத்தான் தானாகவே அழுத்தப்பட்டுவிடும். 'தள்ளுபடி' பொத்தான் எடுக்கப்படுகிறது.

பால்துரை சுற்றறிக்கையுடன் இயக்குநர் அறைக்குப் போனார்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் சங்கு ஊதுமா சார்?"

"அதெப்படி? சங்கைத் தனியாப் பிரிச்சாச்சு. ஊதணும்னா எஸ்டேட்டுலயும் நிர்வாகத்துலயும் கையெழுத்து வாங்கணும்."

"ஜீப்பு?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப நடவடிக்கைங்கிறது என்ன சார்?"

கோதண்டம் கெட்ட மனிதரல்ல. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறவிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "குச்சி தெளிவாப் பேசணும், அதுதானே பரிந்துரை? யாரோ கேக்குறாங்கன்னு அது நெனச்சுக்கிட்டாப் போதும்ல?"

அன்று மாலை பால்துரை ரம்லத்தைப் போனில் கூப்பிட்டார். விசாரணை முடிந்த மாதமே அவர் வேலையை விட்டு, ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சுற்றறிக்கையை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பால்துரை இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"இருக்கேன், அண்ணே," என்றார் கடைசியில். "அந்தக் குச்சிக்கு எப்பவுமே பொத்தானை மட்டும்தான் தெரியும். பொத்தானுக்குப் பின்னால மனுஷன் இருக்கானான்னு தெரிஞ்சுக்க நான் அதுக்கு ஒரு வழியும் வைக்கல. வைக்கணும்னுகூட அப்பத் தோணல." பிறகு, "இப்படி எல்லாமே முழு உபரியோட பேசினா நாலு வருஷம்தான், அண்ணே. அதுக்கப்புறம் நெஜமாவே ஊமை," என்றார்.

மிஞ்சியவர்களை எஸ்டேட் நிர்வாகம் ஆறாம் நம்பர் லயனுக்கு மாற்றியிருந்தது. ஏற்கெனவே சில குடும்பங்கள் இருந்த அந்த வரிசையில் பூட்டிக் கிடந்த பழைய வீடுகள். புதிதாக வெள்ளையடித்து, கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் தலைக்கு மேலே சரிவு நின்றது. மலையில் வேறெங்கே வீடு கட்டுவது?

ஆனி மாதம் இரண்டாம் வாரம், ஒரு காலை பதினோரு மணிக்கு ஆறாம் நம்பர் சிவந்தது. கனத்த மழை. ஆனாலும் செய்தியில் ஓர் எழுத்து பிசகவில்லை. பதினேழாவது குச்சி, சரிவு நகர்வு நான்கு மில்லிமீட்டர். பால்துரை பழக்கதோஷத்தில் கையை நீட்டுவதற்குள் பொத்தான் தானாக அழுந்தியது. புள்ளி பச்சையானது. கீழே ஒரு வரி தோன்றியது. நடவடிக்கை எடுக்கப்பட்டது. பொறுப்பு: பால்துரை.

அவர் அங்கிருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. பொத்தானை அழுத்த ஆள் வேண்டியதில்லை என்று ஆன பிறகு, அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆறு கிலோமீட்டர். பாதி வழியில் வண்டி சேற்றில் புதைந்தது, விட்டுவிட்டு நடந்தார். மாடத்தி தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. நேரே வரிசையின் முதல் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார். அரை மணியில் அறுபத்துநாலு பேர் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மாலை வரை காத்திருந்தார்கள். மலை சரியவில்லை.

அடுத்த வாரம் இரண்டு முறை அப்படியே நடந்தது. இரண்டு முறையும் சரியவில்லை. மஸ்டரில், அதாவது காலை வருகைப் பதிவில், பெயர் கொடுத்துவிட்டு நடுவில் இறங்கிப் போகிறவர்களுக்கு அன்றைய நாள்கூலி கிடையாது என்று மேனேஜர் அறிவித்தார். நான்காம் முறை நாற்பது பேர் வந்தார்கள். ஐந்தாம் முறை பத்தொன்பது பேர். ஆறாம் முறை பால்துரை போனபோது, சரிவன்று வெளியூரிலிருந்ததால் பிழைத்த ஓர் ஆள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க வந்தா சும்மாதான்னு ஆகிப்போச்சு."

பால்துரைக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் போடும் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. அவரே ஆறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டதுதான்.

அன்று ஏழு பேர்தான் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒரு சிறுமி, நடக்க முடியாத ஒருவரைத் தூக்கி வந்த இருவர், மாடத்தி. சாரல் உள்ளே அடித்தது. மேலே மலை பனிமூட்டத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் மெனக்கெட்டு இவ்ளோ தூரம் வர்றீங்க," என்றார் மாடத்தி. "எறங்குறவங்க கொறஞ்சுக்கிட்டே போறாங்க. சலிக்கலையாண்ணே?"

அவர் சார் என்று கூப்பிடாததைப் பால்துரை கவனித்தார்.

"சலிக்குது," என்றார்.

மாடத்தி தலையசைத்தார். "எனக்குந்தான்," என்றார்.

அன்றும் மலை அசையவில்லை. ஐந்து மணிக்கு மழை வெறித்ததும் ஏழு பேரும் மேலே ஏறிப் போனார்கள். மறுநாள் காலை எட்டு இருபதுக்கு அடுத்த எச்சரிக்கை வந்தது, ஓர் எழுத்துக் குறையாமல். பொத்தான் தானாக அழுந்தியது. பால்துரை வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.